இருவர் கயாக்கை ஒருவர் மட்டும் ஓட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டு பேருக்கான கயாக் (இரு முனையிலும் அலகுள்ள துடுப்பால் ஓட்டும் குறுகிய சிறு படகு) வாங்கியவர்களிடமிருந்து சில நாளில் ஒரே கேள்விதான் வருகிறது: கூட வர ஆளில்லை, நான் மட்டும் எடுத்துக்கொண்டு போகலாமா? அதற்குப் பதில் சொன்னால் அடுத்து வரும் சந்தேகங்களும் பெரும்பாலும் ஒன்றேதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம் என்று தொகுத்தது இது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். படகின் முன்முனையை மூக்கு என்றும் பின்முனையை வால் என்றும் எழுதியிருக்கிறேன்.

ரெண்டு பேர் கயாக்கை ஒருத்தர் மட்டும் ஓட்ட முடியுமா, முடியாதா?

முடியும். காற்று அடங்கிய ஏரி, காயல், மெதுவாக ஓடும் ஆறு போன்ற இடங்களில் தாராளமாக ஓட்டலாம். சில படகுகளை இதையும் மனதில் வைத்தேதான் வடிவமைக்கிறார்கள். ஆனால் இரண்டு பேர் உட்கார்ந்தால் தானாகவே அமைந்துவிடும் ஒன்றை, ஒருவர் போகும்போது நாமாகப் பார்த்து அமைக்க வேண்டியிருக்கிறது. முன்னுக்கும் பின்னுக்கும் இடையே எடை சரியாகப் பிரிந்திருக்க வேண்டும் என்பதுதான் அது. கீழே உள்ள பதில்களில் முக்கால்வாசி அதைப் பற்றியவைதான்.

தனியா உட்கார்ந்தா பக்கவாட்டுல சாஞ்சு கவுந்துடாதா?

எல்லோருக்கும் முதலில் வரும் பயம் இதுதான். ஆனால் கவலைப்பட வேண்டிய இடம் இது இல்லை. இருவர் கயாக்குகள் அகலமானவை. சிட்-ஆன்-டாப் என்கிற, மேல்தளத்தில் உட்கார்ந்து ஓட்டும் வகை 30 முதல் 36 அங்குலம் வரை அகலம் இருக்கும். ஒருவருக்கான கடல் கயாக் பெரும்பாலும் 21 முதல் 24 அங்குலம்தான். அதிலேயே நாள் முழுக்கப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

பக்கவாட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். இடம் வலம் பார்த்து நடுக்கோட்டில் உட்காருங்கள். பையையும் தண்ணீர் பாட்டிலையும் ஒரே பக்கமாகச் சேர்க்காதீர்கள். படகு ஆடும்போது உடம்பை விறைக்காமல் இடுப்பைத் தளர்த்தி விடுங்கள். இடுப்புக்குக் கீழே படகோடு ஆடட்டும், தலை மட்டும் படகின் நடுவிலேயே நிற்கட்டும். பயந்து விளிம்பைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்க்கிறவர்தான் விழுகிறார். எதையாவது பிடிக்கத் தோன்றினால் துடுப்பைத் தண்ணீரில் போடுங்கள், அதுதான் பிடிமானம்.

அப்போ எந்த சீட்ல உட்காரணும், முன்னாடியா பின்னாடியா?

நடுவில் உட்கார வழி இருந்தால் நடுவில். இல்லையென்றால் பின் இருக்கையில் உட்கார்ந்து முன்னால் எடை வையுங்கள். முன் இருக்கையில் தனியாக உட்காருவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

முன் இருக்கையில் என்ன தவறு? மூக்கு தண்ணீரில் அழுந்தி, வால் மேலே வந்துவிடும். அழுந்திய மூக்கு ஒரே இடத்தில் ஊன்றிக்கொள்ள, இலேசான வால் இஷ்டத்துக்கு ஆடும். ஒரு பக்கம் திரும்ப ஆரம்பித்தால் நிறுத்துவது கஷ்டம். பின்னாலிருந்து அலை வந்தால் வாலைத் தூக்கி, மூக்கை இன்னும் உள்ளே குத்தி, படகைக் குறுக்கே திருப்பிப் போட்டுவிடும். சுக்கான் உள்ள படகு என்றால் அதன் மிதிகட்டை பெரும்பாலும் பின் இருக்கையில்தான் இருக்கும், முன்னால் இருப்பவருக்கு எட்டாது. காலை நீட்டவும் இடம் குறைவு.

என் படகுல நடு சீட்டே இல்லையே?

ஒருமுறை நன்றாகப் பாருங்கள். சிட்-ஆன்-டாப் பலவற்றில் இரண்டு இருக்கைக்கும் நடுவே ஒரு சிறிய மேடு இருக்கும். குழந்தைக்கான இடம் என்று பலர் நினைக்கிறார்கள். பல மாடல்களில் அதுவேதான் ஒருவர் ஓட்டுவதற்கான இருக்கை. ஓஷன் கயாக் கம்பெனியின் மாலிபு டூ அப்படிப்பட்டது: 12 அடி நீளம், 34 அங்குல அகலம், நடுவில் தனியாள் இருக்கை. முதுகுச்சாய்வைப் பின்னாலிருந்து கழற்றி நடுவில் மாட்ட, பக்கத்தில் வளையங்கள் இருக்கின்றனவா என்று தேடுங்கள்.

காற்று ஊதும் வகையில் வேலை இன்னும் சுலபம். இன்டெக்ஸ் எக்ஸ்ப்ளோரர் கே2 போன்றவற்றில் இருக்கையைக் கழற்றி வேறு இடத்தில் வைக்கலாம். ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை நடுவுக்குச் சற்றுப் பின்னால் நகர்த்தினால் போதும். கால் நுழைத்து உள்ளே உட்காரும் சிட்-இன் வகையிலும், ஒரே நீளமான திறப்பு உள்ள சில படகுகளில் ஓர் இருக்கை தண்டவாளத்தில் நகர்ந்து நடுவுக்கு வரும்.

இருக்கையை நகர்த்தும்போது கால் எங்கே ஊன்றும் என்பதையும் பாருங்கள். பாதத்துக்குப் பிடிமானம் இல்லாமல் துடுப்புப் போட்டால் சக்தி எல்லாம் முதுகில் இறங்கும், அரை மணியில் இடுப்பு வலி வந்துவிடும். நல்ல கனமான ஒரு பையைக் காலுக்கு எதிரே கட்டி வைத்தாலும் உதவும். படகில் புதிதாக ஓட்டை போட்டு இருக்கை பொருத்துவதை நான் சொல்ல மாட்டேன்.

பின்னாடி உட்கார்ந்தா மூக்கு தூக்கும்னு சொல்றாங்க. தூக்கினா என்ன இப்போ?

அசையாத தண்ணீரில் பெரிதாக ஒன்றும் இல்லை. துடுப்பு போடப் போட மூக்கு இடமும் வலமுமாக ஆடும், ஏனென்றால் தண்ணீரைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டிய முன்பாதி காற்றில் இருக்கிறது. அமிழ்ந்த வால் தண்ணீரை இழுத்துக்கொண்டே வரும். அமைதியான இடத்தில் காது கொடுத்தால் கேட்கும்: எடை சரியாக இருக்கும்போது வாலில் சத்தமே இருக்காது, அதிகமாக அமிழ்ந்திருந்தால் பின்னாலேயே களக் களக் என்று ஒரு சத்தம் கூடவே வரும். ஒவ்வொரு இழுப்பிலும் நீங்கள் போடும் பலத்தில் ஒரு பங்கு அந்தச் சத்தத்துக்குப் போகிறது.

உண்மையான பிரச்சினை காற்றில்தான். மேலே தூக்கி நிற்கும் மூக்கைக் காற்று பிடித்துத் தள்ளும். வால் ஊன்றி நிற்பதால் படகு அதைச் சுற்றித் திரும்பும். காற்றை எதிர்த்து மூக்கைத் திருப்ப முடியாமல் போகும். அதற்குத் தனியாகக் கீழே ஒரு கேள்வி இருக்கிறது.

முன்னாடி எவ்வளவு எடை வைக்கணும்?

சீசா பலகைக் கணக்குதான். படகின் நடுப்புள்ளியிலிருந்து எவ்வளவு தூரம், அங்கே எவ்வளவு எடை என்று இரண்டையும் பெருக்க வேண்டும். உதாரணத்துக்கு உங்கள் எடை 70 கிலோ, பின் இருக்கை நடுவிலிருந்து 80 செ.மீ. பின்னால் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 70 × 80 = 5600. மூக்குப் பக்கம் பொருள் வைக்கும் இடம் நடுவிலிருந்து 140 செ.மீ. முன்னால் இருந்தால், முழுதாகச் சமன் செய்ய 5600 ÷ 140 = 40 கிலோ வேண்டும். எடையை முன் இருக்கையிலேயே, அதாவது 60 செ.மீ. தூரத்தில் வைத்தால் 93 கிலோ வேண்டும். முன் சீட்டில் ஒரு பையை வைத்துவிட்டு ஒரு மாற்றமும் தெரியவில்லை என்று சொல்கிறவர்களுக்கு இதுதான் காரணம்.

ஆனால் முழுதாகச் சமன் செய்ய வேண்டியதில்லை. வால் சற்றே கனமாக இருந்தால் படகு நேராகப் போகும், அதுவே நல்லது. மேலே சொன்ன கணக்கில் பாதி, அதாவது ஒரு 20 கிலோ போதும். அதையும் குறைக்க வழி உண்டு. முதுகுச்சாய்வின் வாரை இறுக்கி நீங்கள் 10 செ.மீ. முன்னால் நகர்ந்தால் 70 × 10 = 700; அது மூக்கில் 5 கிலோ வைத்ததற்குச் சமம். கேனைத் தூக்கிக்கொண்டு அலைவதற்கு முன் உங்களை நகர்த்திப் பாருங்கள்.

உங்கள் படகில் டேப் வைத்து இந்த மூன்று தூரங்களையும் ஒருமுறை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். படகுக்குப் படகு நிறைய மாறும்.

எடைக்கு என்ன வைக்கலாம்? கல்லு, மணல் மூட்டை வச்சா ஆகாதா?

தண்ணீர் வையுங்கள். ஒரு லிட்டர் ஒரு கிலோ என்பதால் கணக்கு சுலபம், போகிற இடத்திலேயே கிடைக்கும், கரையேறியதும் கொட்டிவிடலாம், வெயிலில் குடிக்கவும் ஆகும் (நல்ல தண்ணீராக நிரப்பியிருந்தால்). இதையெல்லாம் விட முக்கியமான காரணம் வேறு. படகு கவிழ்ந்தோ நீர் நிறைந்தோ போனால் தண்ணீர் கேன் தண்ணீருக்குள் எடையே இல்லாத மாதிரி ஆகிவிடும், படகைக் கீழே இழுக்காது. கல்லும் மணலும் அப்போதும் கனக்கும். மூட்டை பிய்ந்தால் மணல், மேல்தளத் தண்ணீரை வெளியேற்றும் வடிகால் துளைகளை அடைத்துக்கொள்ளும் கூத்து வேறு.

முகாம் சாமான், மீன்பிடிச் சாமான், ஐஸ் பெட்டி என்று எப்படியும் எடுத்துப் போகிற கனமான பொருள் இருந்தால் அதை முன்னால் வையுங்கள். பழக்கத்தில் எல்லோரும் கைக்கு எட்டும்படி பின்னால் வைத்துக்கொள்வார்கள். தனியாகப் போகும்போது அது வாலை இன்னும் அமுக்கும்.

கேனை எப்படி வச்சு கட்டணும்?

தாழ்வாக, நடுக்கோட்டில், அசையாதபடி. நிமிர்த்தி வைப்பதைவிடப் படுக்க வைப்பது மேல். 20 லிட்டர் ஒரே கேனைவிட 10 லிட்டர் இரண்டு கேன்கள் வசதி. தூக்குவதும் சுலபம், காற்றுக்கு ஏற்ப ஒன்றைக் கழிப்பதும் சுலபம். முன் இருக்கைக்காரர் கால் வைக்கும் பள்ளம் நல்ல இடம். மூக்கின் கடைசி நுனியில் திணித்தால் கணக்குப்படி குறைந்த எடையே போதும்தான், ஆனால் அலையில் மூக்கு எழும்பத் தாமதமாகி உள்ளே குத்தும்.

கேனை வாய்வரை நிரப்புங்கள். பாதி நிரம்பிய கேனில் தண்ணீர் சாயும் பக்கமாகவே ஓடும், படகு இடது பக்கம் சாய்ந்தால் எடையும் இடது பக்கம் போய்ச் சேரும். பாதி எடைதான் வேண்டுமென்றால் சின்னக் கேனாக எடுத்து அதை முழுதாக நிரப்புங்கள். கட்டும் வாரை இரண்டு பக்க வளையத்திலும் மாட்டி இழுத்துப் பாருங்கள். கேன் அசையக் கூடாது. கயிறு நுனி எதுவும் தொங்கக் கூடாது, விழுந்தால் கால் சிக்கும்.

எடை சரியா இருக்குன்னு எப்படி தெரிஞ்சுக்கறது?

கரையில் ஒருவர் இருந்தால் நீர்மட்டத்துக்குக் கேமராவை இறக்கி, பக்கவாட்டில் ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். மூக்கு வாலைவிடக் கொஞ்சம் உயரமாக இருந்தால் சரி. மூக்கின் அடிப்பாகம் தண்ணீரைத் தொடாமல் நின்றால் எடை போதாது.

ஆள் இல்லையா? மூடியுள்ள ஒரு தெளிவான பாட்டிலில் முக்கால்வாசி தண்ணீர் ஊற்றி, மேல்தளத்தின் சமதளமான இடத்தில் நீளவாக்கில் படுக்க வையுங்கள். முதலில் படகு சமதரையில் இருக்கும்போது உள்ளே நீர்மட்டம் எங்கே நிற்கிறது என்று பேனாவால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். தண்ணீரில் இறங்கி உட்கார்ந்த பிறகு அந்தக் கோட்டோடு ஒப்பிட்டால் மூக்கு எவ்வளவு தூக்கியிருக்கிறது என்று தெரிந்துவிடும். பிறகு துடுப்பு போட்டு, முன்பு சொன்ன வால் சத்தம் அடங்கிவிட்டதா என்று கேளுங்கள்.

எடையெல்லாம் வச்சாச்சு, ஆனாலும் வளைஞ்சு வளைஞ்சுதான் போகுது.

அப்படியென்றால் துடுப்பு போடும் விதம். தனியாக இருப்பவர் அவசரத்தில் துடுப்பை உடம்புக்குப் பின்னால்வரை இழுத்துவிடுகிறார். இடுப்பைத் தாண்டிய இழுப்பு படகை முன்னே தள்ளாது, திருப்பும். பாதத்துக்குப் பக்கத்தில் குத்தி, இடுப்பு வந்ததும் எடுத்துவிடுங்கள். துடுப்பின் தட்டையான அலகு படகை ஒட்டியே போகட்டும்.

மூக்கு இடது பக்கம் ஓடினால் இடது பக்கம் அகலமாக ஓர் அரைவட்ட இழுப்பு போட்டு வலப்பக்கம் கொண்டுவாருங்கள். முழுதாகத் திரும்பிய பிறகு சரிசெய்யப் போனால் இரண்டு மடங்கு வேலை. மூக்கைப் பார்க்காமல் தூரத்தில் ஒரு மரத்தையோ கட்டடத்தையோ பார்த்து ஓட்டினால், விலகல் ஆரம்பிக்கும்போதே கண்ணில் படும்.

சுக்கான் இருக்கே, அது போதாதா?

உதவும், ஆனால் எடைக்கு மாற்று இல்லை. பின்னால் உட்கார்ந்தால் சுக்கான் ஆழமாக நிற்பதால் நன்றாகவே பிடிக்கும். ஆனால் மூக்கை எப்போதும் காற்று ஒரு பக்கம் தள்ளிக்கொண்டிருக்க, சுக்கானை எப்போதும் மறுபக்கம் மிதித்துக்கொண்டே போனால் அது பிரேக் போலத்தான் வேலை செய்யும். முதலில் எடை, மிச்சத்துக்குச் சுக்கான். சுக்கான் இல்லாமல் அடியில் மீனின் துடுப்பு மாதிரி அசையாமல் நிற்கும் ஸ்கெக் இருந்தால் அது நேராகப் போக உதவும், திருப்ப உதவாது.

துடுப்பு நீளமா வாங்கணுமா?

படகின் அகலத்தைப் பொறுத்தது. 34 அங்குலப் படகின் நடுவில் 220 செ.மீ. துடுப்போடு உட்கார்ந்தால் விரல் விளிம்பில் இடித்துக்கொண்டே இருக்கும். 240 செ.மீ. வரை போகலாம். உட்காரும் இடம் உயரமாக இருந்தால் 250-ம் சரி.

தனியா போனா ஏன் இவ்வளவு மெதுவா போகுது?

இரண்டு பேர் இழுக்க வேண்டிய படகை ஒருவர் இழுக்கிறார், அவ்வளவுதான். தண்ணீரில் உரசும் பரப்பு ஒருவர் கயாக்கைவிட அதிகம். எடை சரியாக இருந்தாலும் மணிக்கு 4 கி.மீ. என்று வைத்துத் திட்டம் போடுங்கள். இரண்டு பேராக ஒரு மணி நேரத்தில் போய் வந்த இடத்துக்கு அதே நேரத்தில் திரும்பிவிடலாம் என்று கணக்கு போடாதீர்கள்.

எவ்வளவு காத்து வரைக்கும் தனியா போகலாம்?

தண்ணீரைப் பாருங்கள். அலையின் தலை அங்கங்கே வெள்ளையாக உடைய ஆரம்பித்தால் காற்று மணிக்கு 12 முதல் 19 கி.மீ.; காற்றின் வேகத்தைக் குறிக்கும் பியூஃபோர்ட் அளவையில் அது 3. வெள்ளை நிறையத் தெரிந்தால் 20-ஐத் தாண்டிவிட்டது. என் கருத்து: அங்கங்கே வெள்ளை தெரிகிறபோதே இருவர் கயாக்கில் தனியாக இறங்க வேண்டாம். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். 10-ல் சுகமாக ஓட்டியவர் 20-ல் கொஞ்சம் கஷ்டப்பட்டால் போதும் என்று நினைக்கக் கூடாது.

அப்புறம் ஒரு விதி: கனமான முனை காற்றைப் பார்க்கும். எதிர்காற்றில் போக வேண்டுமானால் முன்னால் எடை கூடட்டும். பின்காற்றில் வரும்போது வால் கனமாக இருக்கட்டும். பக்கக்காற்றில் வால் சற்றே கனமாக இருப்பது போதும். கிளம்பும்போது எதிர்காற்றில் கிளம்பினால் களைத்துத் திரும்பும்போது காற்று உதவும். கரையிலிருந்து கடலுக்குள் வீசும் காற்றில் மட்டும் போகவே வேண்டாம். கரையோரம் தண்ணீர் அசையாமல் இருப்பதைப் பார்த்து ஏமாந்துபோவது அதில்தான்.

ஏரி நடுவுல காத்து வந்துடுச்சு, எவ்வளவு இழுத்தாலும் மூக்கு திரும்ப மாட்டேங்குது. அப்போ என்ன பண்றது?

மேலே சொன்ன விதியையே பயன்படுத்துங்கள். கனமான வால் காற்றைப் பார்க்கத்தான் விரும்புகிறது, அதோடு சண்டை போடாதீர்கள். சுக்கானைத் தூக்கிவிட்டு, பின்னோக்கித் துடுப்பு போடுங்கள். வால் முன்னால் போகப் படகு காற்றுக்குள் ஓரளவு நேராகவே போகும். அசிங்கமாக இருக்கும், கழுத்து வலிக்கும், வேகமும் குறைவு. ஆனால் ஒதுங்குமிடம் வந்து சேரும்.

சிட்-ஆன்-டாப் என்றால் இன்னொரு வழியும் உண்டு. துடுப்பைக் கயிற்றில் மாட்டிவிட்டு, உட்கார்ந்தபடியே பின்புறத்தை நகர்த்தி நடுவுக்கு வாருங்கள். எழுந்து நிற்கக் கூடாது. நடுவில் சாய்வோ கால் பிடிமானமோ இல்லாமல் கால்களை இரண்டு பக்கமும் தண்ணீரில் தொங்கவிட்டு உட்கார்ந்தால்கூட மூக்கு இறங்கும், படகும் ஆடாது. மூன்றாவது வழி, காற்று போகும் பக்கத்துக் கரைக்கே போய் இறங்கி நடந்து வருவது. பல நேரம் அதுதான் சரியான முடிவு.

கேனோவில் தனியா போறவங்க படகைத் திருப்பி, முன் சீட்டுல பின்பக்கம் பார்த்து உட்கார்றாங்களே. கயாக்கில அப்படி செய்யலாமா?

கேனோவில் (ஒற்றை அலகுத் துடுப்பால் ஓட்டும் திறந்த படகு) அது சரியான தந்திரம். இரு முனையும் ஒரே வடிவம், இருக்கை வெறும் பலகை, முன் இருக்கை வால் இருக்கையைவிட நடுவுக்குப் பக்கத்தில் இருக்கும். திரும்பி உட்கார்ந்தால் கிட்டத்தட்ட நடுவுக்கு வந்துவிடலாம்.

கயாக்கில் முதல் இரண்டும் பொருந்துவதில்லை. இருக்கையும் கால் பள்ளமும் ஒரு திசைக்கென்று வார்க்கப்பட்டவை. அடியின் வடிவமும் மூக்குக்கு ஒன்று, வாலுக்கு ஒன்று. சுக்கானோ ஸ்கெக்கோ முன்னால் போய்விட்டால் படகு நிலைகொள்ளாது. இரண்டு முனையும் ஒன்றுபோல இருக்கும் ஊதும் படகில் செய்யலாம், ஆனால் அதில் இருக்கையையே நகர்த்த முடியும் என்பதால் தேவை இருக்காது.

எடைக்குப் பதிலா குழந்தையை முன்னாடி உட்கார வச்சா?

20 கிலோ குழந்தை முன் இருக்கையில் உட்கார்ந்தால் ஓரளவு உதவும். முன்பு போட்ட கணக்குப்படி அது 60 செ.மீ. தூரத்தில்தான் இருப்பதால் 20 கிலோ கேன் அளவுக்கு இல்லை. ஆனால் அதன் பிறகு நீங்கள் தனியாகப் போகிறவர் இல்லை. கவிழ்ந்தால் முதலில் யாரைப் பிடிப்பது என்று தெரிந்திருக்க வேண்டும். அளவான உயிர்காப்பு ஜாக்கெட் போட்டிருக்க வேண்டும், நிற்கும் ஆழத்தில், கரையோரமாக. குழந்தையைப் படகோடு கட்டவே கூடாது.

நாய் எடைக்கு லாயக்கில்லை. பறவையைப் பார்த்தால் ஒரு பக்கம் பாயும். கூட்டிப்போவதானால் எடைக்கான கேனைத் தனியாக வைத்துக்கொண்டு, நாயை உங்கள் கால்களுக்கு இடையே உட்கார வையுங்கள்.

என்னுது உள்ள உட்கார்ற வகை. முன் குழி காலியா இருக்கு, அப்படியே விடலாமா?

கூடாது. அலை ஒன்று காலிக் குழிக்குள் விழுந்தால் அதை அங்கே தடுக்க யாருமில்லை. முன்னும் பின்னும் தடுப்புச் சுவர் இல்லாத படகானால் அந்தத் தண்ணீர் உங்கள் காலடி வரை ஓடி வரும், ஆடும்போதெல்லாம் சாயும் பக்கம் சேரும். குழியின் வாய்க்கு அளவான மூடியைப் போட்டு இழுத்து மாட்டுங்கள். உள்ளே காற்றுப் பைகளை ஊதி நிரப்பிக் கட்டுங்கள்; பை இருக்கும் இடத்தில் தண்ணீர் நுழையாது. கேனை அந்தப் பைகளுக்கு அடியில் வைத்தால் பையே அதை அமுக்கிப் பிடிக்கும், ஆனாலும் வார் போடுங்கள்.

சிட்-ஆன்-டாப்தான், பின் சீட்ல தண்ணி தேங்கிக்கிட்டே இருக்கு. ஓட்டையா?

பெரும்பாலும் இல்லை. வால் அமிழ்ந்ததால் இருக்கைப் பள்ளம் வெளி நீர்மட்டத்துக்குக் கீழே போயிருக்கிறது. வடிகால் துளை வழியாகத் தண்ணீர் மேலே வருகிறது. முன்னால் எடை வைத்ததும் குறையும். மிச்சத்துக்கு உங்கள் இருக்கைக்குக் கீழுள்ள துளைகளை மட்டும் அடைப்பானால் அடையுங்கள். எல்லாவற்றையும் அடைத்தால் அலையில் ஏறும் தண்ணீர் வெளியேறாது.

கரையேறியதும் வடிகால் திருகைக் கழற்றிப் படகின் உடலுக்குள் தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே தண்ணீர் வந்தால், வால் பக்கம் ஓடி அங்கேயே நிற்கும், போகப் போக மூக்கு இன்னும் தூக்கும். காலையில் சரியாக இருந்த படகு மதியம் அடம் பிடிக்கிறது என்றால் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

கவுந்தா தனியா திரும்ப ஏற முடியுமா?

சிட்-ஆன்-டாப் என்றால் முடியும், ஆனால் பழகியிருக்க வேண்டும். கவிழ்ந்த படகின் அடியில் ஏறி, எதிர்ப்பக்க விளிம்பைப் பிடித்து, உடம்பைப் பின்னால் சாய்த்து இழுக்க வேண்டும். அகலமான படகில் கை எட்டாமல் போகலாம். அதனால் ஒரு பக்க வளையத்தில் ஒரு வாரைக் கட்டி, அடி வழியாக எடுத்து இழுக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். நிமிர்ந்ததும் நடுப்பகுதியில் கையை வைத்து, காலை உதைத்து, வயிறு படகில் படும்படி ஏறுங்கள். பிறகு மல்லாந்து உட்கார்ந்து, கடைசியாகக் காலை உள்ளே இழுங்கள். வால் பக்கம் ஏறப் போனால் அது அமிழ்ந்து படகு செங்குத்தாகும்.

தடுப்புச் சுவர் இல்லாத சிட்-இன் இருவர் கயாக்கில் நிலைமை வேறு. உள்ளே 200 லிட்டர் தண்ணீர் இருந்தால், நிமிடத்துக்கு 30 லிட்டர் இறைக்கும் கைப்பம்பில் கிட்டத்தட்ட ஏழு நிமிடம், அதுவும் அலை மறுபடி நிரப்பாமல் இருந்தால். தனியாக இதைச் செய்து பார்க்காதவர் நீந்திக் கரையேறும் தூரத்தைத் தாண்டக் கூடாது. எந்த வகையானாலும் உயிர்காப்பு ஜாக்கெட் உடம்பில் இருக்கட்டும், கைப்பேசி நீர்புகாப் பையில் உங்கள் மேல் இருக்கட்டும். படகோடு கட்டி வைத்த கைப்பேசி, படகு காற்றில் போனதும் கூடவே போய்விடும்.

கடல்ல அலை உடையற இடத்தைத் தாண்டிப் போகலாமா, தனியா?

வேண்டாம். உடையும் அலை இலேசான மூக்கை மேலே எறிந்து படகைக் குறுக்கே திருப்பும். எடையைச் சரிசெய்து வைத்திருந்தாலும், குறுக்கே திரும்பிய 12, 14 அடிப் படகை மீண்டும் நேராக்க ஒருவரின் இழுப்புக்கு நேரம் போதாது. படகும் அதற்குள் கட்டிய 20 கிலோ கேனும் அலையோடு கரைக்கு வரும்போது எதிரே யாரும் இருக்கக் கூடாது.

போகும்போது நான் மட்டும், வழியில ஒருத்தரை ஏத்திக்கணும். அப்போ கேனை என்ன பண்றது?

கரையில் ஒதுங்கி, தண்ணீரைக் கொட்டிவிட்டு மூடியை இறுக்கி மூடுங்கள். காலிக் கேன் மிதவைக்கு உதவும் என்பதால் கட்டியே வையுங்கள். வருகிறவர் உங்களைவிடக் கனமானவராக இருந்தால் அவரைப் பின்னால் உட்கார வைத்து நீங்கள் முன்னால் போங்கள். நடுவில் உட்கார்ந்து வந்திருந்தால் முதுகுச்சாய்வையும் பழைய இடத்துக்கு மாற்ற மறக்காதீர்கள். அவருக்குத் துடுப்பும் ஜாக்கெட்டும் கிளம்பும்போதே படகில் இருக்க வேண்டும். அவற்றை முன் பள்ளத்தில் வைத்தால் போகும் வழியில் அதுவும் கொஞ்சம் எடை.